கண்ணாடியில் தெரிந்த ரப்பர் மரங்கள்

கூலிம் ஃபேக்டரி ஒன்றில் நுண்ணோக்கிக்குள் கண்ணை வைத்துக்கொண்டு, சில்லுகளில் கீறல் இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தவள் நான். அந்த வேலையை விட்டுவிட்டுச் சுங்கைப் பட்டாணியில், மாமாக் என்கிற தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை ஒன்றின் மாடியில் இருக்கும் சின்ன ஸ்டூடியோவில் சேர்ந்தேன். சொந்தக்காரர்களில் பாதிப் பேர் எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றார்கள். மீதிப் பேர் நான் நடிக்கப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். என் முகத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அப்படித் தோன்றியதே பெரிது. அவர்கள்மேல் எனக்கு இன்றுவரை தனிப் பிரியம் உண்டு.

ஸ்டூடியோவில் எனக்குக் கொடுத்த முதல் வேலை ஆட்களை வெட்டுவது. திரையில் நடக்கும் ஒருவரைச் சுற்றி, பிரேம் பிரேமாகக் கோடு வரைந்து, அவரைப் பின்னணியிலிருந்து பிரித்தெடுக்க வேண்டும். மூக்கு நகர்ந்தால் கோடும் நகர வேண்டும். விரல் அசைந்தால் நானும் அசைய வேண்டும். இப்படி வெட்டி முடித்ததும் அதை நான் பக்கத்து மேசைக்குத் தள்ளிவிடுவேன். அந்த மேசைக்காரர்கள்தான் காம்ப்போசிட்டர்கள். வேறு வேறு இடத்தில், வேறு வேறு நாளில் எடுத்த படங்களை ஒன்றாக ஒட்டி, எல்லாம் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் நடந்ததுபோல் காட்டுகிறவர்கள். நான் வெட்டிய ஆளை அவர்கள் மழையில் நனைய வைப்பார்கள், மலையுச்சியில் நிற்க வைப்பார்கள். மணமகளை அலங்கரித்து முடித்துவிட்டு மண்டபத்துக்கு வெளியே நிற்கிற மாதிரி எனக்கு வயிறு எரியும். அந்த மேசை எனக்கு வேண்டும் என்று வெட்கமில்லாமல் ஆசைப்பட்டேன்.

எங்கள் மேற்பார்வையாளர் பட்டர்வொர்த்துக்காரி. என்னைவிட வயதில் ரொம்பச் சிறியவள். ஒவ்வொரு வாக்கியத்திலும் என்னை அக்கா என்று மரியாதையாகக் கூப்பிட்டுக்கொண்டே என் வேலையைக் கிழித்துத் தொங்கவிடுவாள். அவளிடம் போய்க் கேட்டேன். எனக்கும் ஒரு ஷாட் கொடு, ஒட்டிக் காட்டுகிறேன், சரியில்லாவிட்டால் வாயை மூடிக்கொண்டு பழையபடி ஆளை வெட்டப் போகிறேன் என்றேன். அவள், இயக்குநர் ஏற்றுக்கொண்டால் அந்த மேசை உங்களுக்கு, இல்லையென்றால் இன்னொரு தடவை கேட்கக்கூடாது என்று சொல்லிவிட்டு ஒரு ஷாட்டைக் கொடுத்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. படி இறங்கி ஓடி மாமாக் கடையில் ஐஸ் போட்ட தே ஆயிஸ் வாங்கிக் குடித்துவிட்டு மறுபடி ஏறி வந்த பிறகுதான் ஷாட்டையே திறந்து பார்த்தேன்.

படம் நம்ம ஊர்ப் படம். எண்ணெய் எடுக்கிற செம்பனை வருவதற்கு முன்னால், எங்கும் ரப்பராக இருந்த காலத்துக் கதை. புக்கிட் செலம்பாவ் பக்கம்தான் படப்பிடிப்பு. ஷாட்டில் ஒரு தாய் தோட்டத்துப் பாதையில் நிற்கிறாள். மகளை ஏற்றிக்கொண்டு டாக்சி போகிறது. டாக்சி மறைந்த பிறகும் அவள் போகாமல் நிற்கிறாள். அவ்வளவுதான். கேமரா மெல்ல இடமிருந்து வலமாக நகரும். சிக்கல் என்னவென்றால், அவளுக்குப் பின்னால் வரிசை வரிசையாகச் செம்பனை நிற்கிறது. அதை எடுத்துவிட்டு ரப்பர் மரம் வைக்க வேண்டும். படம்பிடிக்கும்போது பின்னால் பச்சைத் துணி கட்டியிருந்தால் பிரித்தெடுப்பது சுலபம். ஆனால் அந்த அம்மா கட்டியிருந்ததே பச்சைச் சேலை. துணி கட்டியிருந்தால் சேலையும் சேர்ந்து காணாமல்போய்த் தலை மட்டும் அந்தரத்தில் மிதந்திருக்கும். ஆக, அவளைக் கையால்தான் வெட்ட வேண்டும். காதோரம் காற்றில் பறக்கிற சுருட்டை முடி உட்பட.

வெட்டுவது எனக்குத் தண்ணி பட்ட பாடு. முடியை முடித்துவிட்டேன். அடுத்தது மரம். ஸ்டூடியோ கேமராவைக் கேட்டு வாங்கிக்கொண்டு, மோட்டாரில் புக்கிட் செலம்பாவுக்குப் போய், தெரிந்தவர் ஒருவரின் சின்ன ரப்பர்த் தோட்டத்தில் இறங்கினேன். வரிசையின் ஒரு பக்கம் நின்று ஆசைதீர எடுத்தேன். மறுபக்கமும் போய் எடுத்திருக்க வேண்டும். மறுபக்கத்தில் ஒரு நாய் இருந்தது. அதற்கு என்னைப் பிடிக்கவில்லை.

திரும்பி வந்து பார்த்தால், படத்தில் வெயில் அந்தத் தாய்க்கு இடப்பக்கத்திலிருந்து விழுகிறது. என் மரங்களுக்கு வலப்பக்கத்திலிருந்து விழுகிறது. இதற்கெல்லாம் மருந்து எங்களிடம் உண்டு. ஒரு பொத்தானை அழுத்தி மரங்களை இடம் வலமாகத் திருப்பிப் போட்டேன். எங்கள் தொழிலில் தினமும் எல்லோரும் செய்கிற காரியம் அது. வெயில் உடனே நல்ல பிள்ளையாக இடப்பக்கம் வந்து நின்றது.

முதல் ஒட்டலை மேற்பார்வையாளரிடம் காட்டியபோது, கைதட்டப் போகிறாள் என்றே நினைத்தேன். அவள் நாற்காலியைப் பின்னால் தள்ளி, தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள்.

“அழகா இருக்குக்கா. ஆனா நீங்க ஒட்டுனது தெரியுது லா.”

எங்கே தெரிகிறது என்று கேட்டேன். அதை நீங்களேதான் கண்டுபிடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தத் திரையையே தலையில் கவிழ்த்துக்கொள்ளலாம்போல் இருந்தது. ஃபேக்டரியில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கீறல் தேடியவளுக்கு, தான் போட்ட கீறல் தெரியவில்லையாம்.

அதற்குப் பிறகு சில வாரங்கள் நான் ஊரில் நடமாடிய விதத்தைப் பார்த்தவர்கள் என்னை மந்திரித்துவிடச் சொல்லியிருக்க வேண்டும். லூனாஸில், தாமான் என்கிற குடியிருப்பில் இருக்கும் எங்கள் வீட்டுக்குப் பின்னால் நின்று பார்த்தால், துணி காய்கிற கயிற்றுக்கு மேலே, தூரத்தில் ஜெராய் மலை தெரியும். பிறந்ததிலிருந்து பார்க்கிற மலை. ஒருநாள் ஈரத் துணியைக் கையில் பிடித்தபடியே நின்றுவிட்டேன். அந்த மலையில் கறுப்பே இல்லை. அவ்வளவு அடர்ந்த காடு, ஆனால் அதன் இருட்டான மடிப்புகூட வெளிறிய நீலம். கறுப்பெல்லாம் கிட்டத்தில்தான், எங்கள் வீட்டுச் சாக்கடையிலும் பக்கத்து வீட்டுக்காரரின் டயரிலும் இருக்கிறது. இடையில் உள்ள காற்றுதான் தூரத்துக் கறுப்பைத் தின்றுவிடுகிறது. நானோ கடைசி வரிசை ரப்பர் மரங்களுக்குத் தார் பூசியதுபோல் கறுப்பு வைத்திருந்தேன். துணியை அப்படியே வாளியில் போட்டுவிட்டு உள்ளே ஓடினேன்.

அம்மாவுக்கு இது எதுவும் பிடிக்கவில்லை. அம்மா அரை ஆயுள் தோட்டத்தில் மரம் வெட்டியவர், அதாவது பட்டையில் கோடு கீறி ரப்பர்ப் பால் எடுத்தவர். தாமான் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ரப்பர் மரத்தின் திசைக்கே தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்கிறவர். அந்தக் கொசுக்கடியை யார் காசு கொடுத்துப் பார்ப்பார்கள், நாலு நல்ல வீடு, நாலு நல்ல சேலை காட்டினால் என்னவாம் என்பார். என் கணினியில் மரத்தைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு தன் தொலைக்காட்சித் தொடருக்குப் போய்விடுவார்.

கறுப்புக்குப் பிறகு ஓரம். கத்தரியால் வெட்டியதுபோல் கூர்மையாக இருந்த என் ஓரங்களை, பசார் மாலாம் இரவுச் சந்தையில் வாழைப்பழப் பொரியல் விற்கிற அக்காவின் தோள் திருத்தியது. பின்னால் இருந்த விளக்கின் வெளிச்சம் அவர் தோள் விளிம்பைக் கொஞ்சம் கடித்துக்கொண்டு முன்னால் வழிந்தது. நான் பழத்தை வாங்காமல் அவர் தோளையே பார்த்துக்கொண்டு நின்றதில், தோளில் பல்லி விழுந்துவிட்டதோ என்று பதறி அவர் தட்டிவிட்டுக்கொண்டார். ஓரத்துக்குப் பிறகு, கேமரா படத்தில் இயல்பாக இருக்கிற பொடிப்பொடியான புள்ளித் துடிப்பு, நாங்கள் இரைச்சல் என்பது. அந்தத் தாயின் மேல் அது கொதித்துக்கொண்டிருந்தது. என் மரங்கள் கழுவி வைத்த தட்டுபோல் பளிச்சென்று இருந்தன. ஒவ்வொன்றும் பிடிபடும்போது நாற்காலியிலேயே ஒரு சுற்றுச் சுற்றுவேன். ஒரு தடவை வேகமாகச் சுற்றி மேசையில் முட்டியை இடித்துக்கொண்டேன். இந்த வயதில், முட்டி வீங்கிய நிலையில், இவ்வளவு சந்தோஷமாக ஒருத்தி இருக்க முடியும் என்று யாரும் எனக்கு முன்பே சொல்லவில்லை.

கடைசியாக ஒரு மாலையில் மேற்பார்வையாளர் ஷாட்டை ஓடவிட்டாள். தலைகீழாகத் திருப்பிப் பார்த்தாள். வெளிச்சத்தை ஏற்றிப் பார்த்தாள், இறக்கிப் பார்த்தாள். முடிந்தது, நாளைச் சாயங்காலம் இயக்குநருக்கு அனுப்பிவிடலாம் என்றாள். நான் வீட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தேன் என்று தெரியாது. கால் தரையில் பாவவில்லை.

மறுநாள் காலை வாயெல்லாம் பல்லாக மோட்டாரில் கிளம்பினேன். பாடாங் செராயைத் தாண்டியதும், முன்னால் செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று திரும்ப முடியாமல் சாலையை அடைத்துக்கொண்டு நின்றது. நானும் நின்றேன். சும்மா இருக்கப் பிடிக்காமல் மோட்டார்க் கண்ணாடியைப் பார்த்தேன். நான் கடந்து வந்த சாலையோரத்தில், யாரோ ஒருவரின் நாலு வரிசை ரப்பர் மரங்கள் கண்ணாடிக்குள் தெரிந்தன. அச்சு அசல் என் ஷாட். அதே மரம், அதே பட்டை, பால் வடிகிற வெட்டுக்கோடு அதே சாய்வில். பெற்ற பிள்ளையைப் பள்ளிக்கூட மேடையில் பார்த்ததுபோல் பெருமை பொங்கியது. நேரிலும் ஒரு தடவை பார்த்து ரசிப்போமே என்று கழுத்தைத் திருப்பினேன்.

நேரில் கோடு எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது.

மறுபடி கண்ணாடியைப் பார்த்தேன். மறுபடி திரும்பிப் பார்த்தேன். நம் பக்கத்துத் தோட்டங்களில் எந்த மரத்தைப் பார்த்தாலும் வெட்டுக்கோடு இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே இறங்கும். அப்படி வெட்டினால்தான் பால் ஒழுங்காக வடியும். இது தோட்டத்தில் பிறந்த குழந்தைக்குக்கூடக் கண்ணில் ஊறிய காட்சி. வெயிலை மாற்றுவதற்காக நான் மரத்தைத் திருப்பிப் போட்டபோது, கோடும் கூடவே திரும்பிவிட்டது. என் ஷாட்டில் ஒரு தோட்டம் முழுக்க மரத்தைத் தப்பாக வெட்டி வைத்திருந்தேன். கோலாலம்பூரில் வளர்ந்த ஒருத்தி செய்திருந்தால் தெரியாமல் செய்தாள் எனலாம். நான் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவள். மரம் வெட்டியவரின் மகள். சாலையில் நின்றபடியே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்கப் பீறிக்கொண்டு வந்தது. வழி கிடைத்து லோரி போன பிறகும் நான் நகராததால், பின்னாலிருந்த கார்க்காரர் ஆரன் அடித்தார்.

ஸ்டூடியோவுக்குப் போனதும் மேற்பார்வையாளரிடம் சொன்னேன். அவளுக்கு முதலில் புரியவில்லை. கையைச் சாய்த்துச் சாய்த்துக் காட்டினேன். சாயங்காலம் அனுப்பியாக வேண்டும், அவளே பார்த்து முடிந்தது என்று சொன்ன ஷாட். இப்போது கைவைத்துக் கெடுத்துக்கொண்டால் மேசை போய்விடும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

“யாருக்குக்கா தெரியப்போவுது? டைரக்டருக்கே தெரியாது. விட்டுருங்க லா.”

“டைரக்டருக்குத் தெரியாது. படம் பாக்க வர்ற சனத்துக்கு எல்லாம் தெரியும். அவ அழுவுறப்போ அவங்க மரத்தப் பாத்துக்கிட்டு இருப்பாங்க.”

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு கைப்பேசியை அணைத்துக் கவிழ்த்து வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

மரங்களை அப்படியே பழையபடி திருப்பிப் போட முடியாது. போட்டால் வெயில் மறுபடி எதிர்ப்பக்கம் போய்விடும். அதனால் வெயிலை இருக்கிற இடத்தில் விட்டுவிட்டு, வெட்டுக்கோடும் பால் சேர்கிற மங்கும் உள்ள பட்டையை மட்டும் மரம் மரமாகப் பெயர்த்தெடுத்து, திருப்பி, அதே மரத்தில் மறுபடி ஒட்டினேன். ஒட்டிய துண்டில் மட்டும் வெயில் தவறான பக்கம் விழும். அந்தப் பக்கத்தை நிழலாக்கி, மறுபக்கத்தைக் கொஞ்சம் தூக்கிவிட்டேன். கேமரா நகர நகர ஒட்டும் சேர்ந்து நகர வேண்டும். முன்வரிசையில் ஒரு மரம் ரொம்பப் படுத்தியது. ஒட்டிய பட்டை, குளியலறையில் வழுக்குகிற சோப்புக் கட்டிபோல் மரத்தின்மேல் நழுவிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் ஒரு முடிச்சைக் கண்டுபிடித்து, அதைப் பிடித்துக்கொண்டு நகரச் சொன்ன பிறகுதான் அடங்கியது.

மதியம் கீழேயிருந்து ரொட்டி சானாய் வந்தது. என் இரண்டு கையும் வேலையில் இருந்தன. மேற்பார்வையாளர் ரொட்டியைப் பிய்த்துக் குழம்பில் தோய்த்து என் வாயில் ஊட்டிக்கொண்டே, இந்த மரம் கொஞ்சம் வெளிறிக் கிடக்கிறது, அந்த மங்கில் ஈரம் மினுங்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் மென்றுகொண்டே சரி செய்தேன். மூக்கில் குழம்பு பட்டு எரிந்ததைக்கூடத் துடைக்காமல் இரண்டு பேரும் பைத்தியம்போல் சிரித்தோம். பயமும் சந்தோஷமும் இப்படிக் கலந்து கிடைத்த ஒரு பகல் அதற்கு முன்பு எனக்கு வாய்த்ததில்லை.

அனுப்பும் நேரம் வந்தது. பழைய ஷாட்டையும் புதியதையும் அவள் மாற்றி மாற்றி ஓடவிட்டாள். எது பழையது, எது புதியது என்று குழம்பி, கோடு எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று என்னிடமே மறுபடி கேட்டாள். அனுப்பிவிட்டோம்.

இரண்டு நாள் கழித்து இயக்குநரின் குறிப்புகள் வந்தன. வேறொரு ஷாட்டில் டாக்சியின் நிறம் மங்கல் என்று எழுதியிருந்தார். இன்னொன்றில் மேகம் அதிகமாம். என் ஷாட்டைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. எனக்கு உயிரே போய்விட்டது. ஒன்றும் சொல்லாவிட்டால் தேறிவிட்டது என்று அர்த்தம் என மேற்பார்வையாளர் விளக்கினாள். சொன்ன சொல் மாறாமல், என் தண்ணீர்ப் புட்டியைத் தன் கையாலேயே எடுத்துக்கொண்டுபோய் அந்த மேசையில் வைத்தாள்.

மேசை கிடைத்துவிட்டது. ஆனாலும் மனம் முழுதாக நம்பவில்லை. என்னைத் தேறவைத்த இயக்குநர், மேற்பார்வையாளர் இரண்டு பேருக்கும் ரப்பர் மரத்தையும் ரம்புத்தான் மரத்தையும் பிரித்துப் பார்க்கவே கஷ்டம். தெரிந்தவர்கள் இனிமேல்தான் பார்க்கப் போகிறார்கள்.

படத்தை வெளியிடுவதற்கு முன்னால் வேலை செய்தவர்களுக்கும் குடும்பத்துக்கும் சுங்கைப் பட்டாணித் திரையரங்கு ஒன்றில் போட்டார்கள். நடித்த உள்ளூர்க்காரர்களும் வந்திருந்தார்கள், அவர்களோடு புக்கிட் செலம்பாவ் பாதியும் வந்திருந்தது. எல்லாம் தோட்டத்துச் சனம். எந்த மரத்தில் எத்தனை நாளாகப் பால் எடுக்கிறார்கள் என்று பட்டையைப் பார்த்தே சொல்கிறவர்கள். நான் அம்மாவை அழைத்துப் போயிருந்தேன். அம்மா நல்ல சேலை கட்டி, ஒரு பொட்டலம் கச்சாங் பூத்தே கடலையோடு வந்து, ஏசி குளிர்கிறது என்று சால்வையைப் போர்த்திக்கொண்டார்.

ஒரே முடிவோடு உட்கார்ந்திருந்தேன். அந்த ஷாட் வரும்போது வேறெதையும் பார்க்கக்கூடாது. முன்வரிசையில் நழுவிய அந்த மரத்தை மட்டும், கண்ணிமைக்காமல், முதல் பிரேமிலிருந்து கடைசி பிரேம்வரை பார்க்க வேண்டும். படம் ஓடியது. மகளுக்கும் தாய்க்கும் வாக்குவாதம். மகள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு டாக்சியில் ஏறுகிறாள். தாய் ஒரு சொல் சொல்லவில்லை. டாக்சி போகிறது. தாய் நிற்கிறாள். காதோரச் சுருட்டை முடி பறக்கிறது. அதை ஒதுக்க அவள் கையைத் தூக்குகிறாள், ஒதுக்காமலே கீழே விடுகிறாள். அரங்கில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். பாவம், ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தால் அந்தப் பெண் இறங்கியிருப்பாளே என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த காட்சி வந்துவிட்டது. ரயில் நிலையம்.

அப்போதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் ஷாட் போயே போய்விட்டது. மரத்தை நான் பார்க்கவே இல்லை. இத்தனை நாள் இரவும் பகலும் அந்த மரத்தோடு குடித்தனம் நடத்தியவள், அந்தத் தாயின் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பு குபீரென்று வந்தது. வாயைப் பொத்திக்கொண்டேன், தோள் குலுங்கியது. முன்னால் இருந்த ஒருவர் திரும்பி முறைத்தார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே என் தொடையில் நறுக்கென்று கிள்ளினார்.

“அவ அழுவுறா, நீ என்னாடி சிரிக்கிற? பேசாம பாரு. ஒன் சீனு எப்ப வரும்?”

“வந்துட்டுப் போயிருச்சும்மா. இப்ப நின்னாளே அந்த அம்மா, அதான்.”

அம்மா திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“அவ சும்மா தோட்டத்துல நிக்கிறா. அதுல நீ என்னா பண்ணுன?”

“ஒண்ணுமே பண்ணலம்மா” என்றேன். சொல்லும்போது என் குரல் கர்வத்தில் நடுங்கியது.